வழக்குப் போட்டால் விமர்சனம் அடங்குமா? சயின்டாலஜி வழக்குகளை முன்வைத்து

#1 பொருநைக்கரை

சமய அமைப்பு ஒன்று தன்னை விமர்சித்தவர்மீது வழக்குத் தொடுத்தது என்று செய்தி வந்தால், ‘இனி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்’ என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அமெரிக்காவில் சயின்டாலஜி என்ற புதிய சமய இயக்கத்தின் சபை நடத்திய வழக்குகளைச் சில காலமாகப் படித்துவருகிறேன். அங்கே பல முறை இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. அதைப் பேசவே இந்த இழை.

லாரி வோலர்ஷைம் அந்தச் சபையின் முன்னாள் உறுப்பினர். தன் மனநலத்தைச் சபை குலைத்துவிட்டது என்று 1980-ல் வழக்குப் போட்டார். சபை தன் மேல்நிலை உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டும் ரகசியப் பாடங்கள் அந்த வழக்கில் சான்றாவணங்களாகச் சேர்ந்தன. கோப்பைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று நீதிபதி உத்தரவிட்டார். 1985 நவம்பர் 4 காலை, லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றக் கட்டடத்தின் மூன்று தளங்களைச் சுமார் 1,500 சபையினர் அடைத்துக்கொண்டு நின்றார்கள். நகல் கேட்டு நூற்றுக்கணக்கில் மனுக்கள் குவிந்தன. எல்லா மனுக்களும் தங்களுடையவையாகவே இருந்துவிட்டால் வெளியார் கைக்கு ஒரு தாளும் போகாது என்பது அவர்களின் கணக்கு. அன்றே கோப்பு மறுபடி முத்திரையிடப்பட்டது. ஆனால் அதற்குள் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ ஒரு நகலை வாங்கிவிட்டது. மறுநாள் அந்தப் பாடங்களின் சாரம் அச்சில் வந்தது.

அடுத்தது இன்னும் கவனிக்க வேண்டியது. ‘டைம்’ இதழ் 1991 மே மாதம் சபையைக் கடுமையாக விமர்சித்து அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. அதில் சபையைப் பற்றிப் பேசிய ஸ்டீவன் ஃபிஷ்மன் என்ற முன்னாள் உறுப்பினர்மீதும் அவருடைய உளவியலாளர்மீதும் சபை மானநஷ்ட வழக்குப் போட்டது. தன் தரப்பை நிறுவ ஃபிஷ்மன் 1993-ல் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, அதனுடன் அதே ரகசியப் பாடங்களை இணைத்துவிட்டார். 1994-ல் சபை வழக்கைத் திரும்பப் பெற்றது. வழக்குப் போயிற்று, கோப்பு நீதிமன்றத்திலேயே தங்கிவிட்டது. அதன்பின் சபையினர் முறை வைத்துக்கொண்டு காலையில் நீதிமன்றம் திறந்ததும் வந்து அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி, மூடும் நேரம்வரை தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். சட்டப்படி குற்றமில்லை. கோப்பைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கும் உண்டல்லவா?

இதற்கிடையில் இணையம் வந்துவிட்டது. 1995 ஜனவரியில் சபையின் வழக்கறிஞர் ஒருவர், யூஸ்நெட் என்ற அந்தக்கால இணைய விவாத மேடையில் சயின்டாலஜியை விவாதித்த குழுவையே நீக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பினார். குழு அழியவில்லை. எட்டிப் பார்க்காதவர்கள்கூட அங்கே கூட ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், ஃபிஷ்மன் பத்திரத்தை இணையத்தில் ஏற்றிய ஆர்னி லெர்மா என்பவரின் வர்ஜீனியா வீட்டில் ஃபெடரல் மார்ஷல்களுடன் (மத்திய நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரிகளுடன்) சோதனை நடந்தது. கணினியும் வட்டுகளும் போயின. அதைப் பற்றி எழுதிய ‘வாஷிங்டன் போஸ்ட்’ தானே லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் நகல் வாங்கிச் சில வரிகளை மேற்கோள் காட்டியது. உடனே அந்தப் பத்திரிகையும் பிரதிவாதி ஆனது. நீதிபதி லியோனி பிரிங்கெமா 1995 நவம்பரில் பத்திரிகைக்கு எதிரான வழக்கைத் தள்ளுபடி செய்தார். சபையை விமர்சிப்பதை ஒடுக்குவதும் விமர்சகர்களைத் தொல்லைப்படுத்துவதுமே இந்த வழக்குகளின் முதன்மை நோக்கம் என்று தாம் உறுதியாக நம்புவதாக எழுதினார். லெர்மா பதிப்புரிமையை மீறியது உண்மை என்று 1996-ல் தீர்ப்பாயிற்று. அதற்கு விதித்த தொகை 2,500 டாலர்.

சபை அன்று ஃபிஷ்மன்மீது வழக்குப் போடாமல் இருந்திருந்தால் அந்தப் பத்திரம் பிறந்தே இருக்காது. என் வாதம் இவ்வளவுதான்: விமர்சகரைக் கூண்டில் ஏற்றும் அமைப்பு, தானும் அதே கூண்டில் ஏற வேண்டிவரும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 நெய்தல்நிலம்

நல்ல தொடக்கம் ஐயா. ஒரு சந்தேகம். அந்தப் பாடங்களில் அப்படி என்னதான் இருந்தது? இவ்வளவு பேர் வேலையை விட்டுவிட்டு நீதிமன்றத்தில் காவல் கிடக்கும் அளவுக்கு?

#3 பொருநைக்கரை

சபையை நிறுவிய எல். ரான் ஹப்பார்ட் 1967 வாக்கில் எழுதிய ஒரு பிரபஞ்சக் கதை. 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜீனூ என்ற விண்வெளி ஆட்சியாளன் தன் குடிமக்களைப் பூமிக்குக் கொண்டுவந்து எரிமலைகளின் அருகே கொன்றான், அவர்களின் ஆவிகள் இன்றும் மனிதர்களை ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது சாரம். படிப்படியாகக் கட்டணம் கட்டி மேலே ஏறியவர்களுக்கு மட்டுமே இது காட்டப்படும். ஆயத்தமில்லாதவர் படித்தால் உடலுக்கே கேடு என்பது அவர்கள் நம்பிக்கை. காசு கட்டிப் பெற வேண்டிய பாடம் நாளிதழில் இலவசமாக வந்தால் என்ன ஆகும் என்ற கவலையும் அதில் சேர்ந்திருந்தது. அதனால்தான் மானநஷ்டம் போக, பதிப்புரிமையையும் வணிக ரகசியச் சட்டத்தையும் கையில் எடுத்தார்கள்.

நம்பிக்கையின் உள்ளடக்கத்தை இங்கே எடைபோட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியாள் காதுக்கு விநோதமாகப் படும் கதை எல்லாச் சமயங்களிலும் உண்டு.

#4 கருப்புக்கோட்டு

> விமர்சகரைக் கூண்டில் ஏற்றும் அமைப்பு, தானும் அதே கூண்டில் ஏற வேண்டிவரும்.

வழக்கு இறுதிவரை நடந்தால் அப்படி. பெரும்பாலான வழக்குகள் அதுவரை போவதில்லை, போகவும் விடமாட்டார்கள். நான் உரிமையியல் நீதிமன்றங்களில் தொழில் செய்பவன். வழக்கில் தோற்பவர்களைவிட வாய்தாவில் தோற்பவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் நோட்டீஸ் வந்த அன்றே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்: ‘மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுங்களேன், நமக்கு எதற்கு வம்பு?’ அந்த வீடுகளின் கதை எந்தத் தீர்ப்புத் திரட்டிலும் வராது.

ஹப்பார்டே இதை ஒளித்துவைக்கவில்லை. வழக்கின் நோக்கம் ஜெயிப்பதைவிட எதிராளியைத் தொல்லைப்படுத்தி ஊக்கமிழக்கச் செய்வதுதான் என்ற பொருளில் 1955-லேயே எழுதிவைத்தார். அமெரிக்க நீதிமன்றங்கள் பின்னாளில் அந்த வரியைத் தீர்ப்புகளில் எடுத்தாண்டிருக்கின்றன.

பாலெட் கூப்பர் என்ற பத்திரிகையாளரின் கதையைப் படித்தால் வயிறு கலங்கும். சபையைப் பற்றி 1971-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர்மீது 19 வழக்குகள். அதோடு விடவில்லை. அவருடைய கடிதத்தாளில் வெடிகுண்டு மிரட்டல் வந்ததாக 1973-ல் அவர்மீது குற்றச்சாட்டே பதிவாயிற்று. தான் எழுதவில்லை என்று சொல்லி, நம்ப ஆளில்லாமல் நொந்துகிடந்தார். 1977 ஜூலையில் எஃப்பிஐ சபை அலுவலகங்களைச் சோதனையிட்டபோது, அவரைச் சிறைக்கோ மனநல விடுதிக்கோ அனுப்பத் தீட்டிய திட்டத்தின் தாள்கள் சிக்கின. அரசு அலுவலகங்களுக்குள் புகுந்து ஆவணம் திருடிய வழக்கில் ஹப்பார்டின் மனைவி உட்பட 11 பேர் தண்டனை பெற்றார்கள். இங்கே உண்மையை வெளியே கொண்டுவந்தது சோதனை வாரண்ட். அவர்மீது போட்ட 19 வழக்குகளில் ஒன்றும் அதைச் செய்யவில்லை என்பதைப் பொருநைக்கரை குறித்துக்கொள்ள வேண்டும்.

‘டைம்’ இதழ் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதன் பின்னால் இருந்த பணம். சபை 1992-ல் கேட்ட நஷ்டஈடு 41.6 கோடி டாலர். 1996-ல் தள்ளுபடி ஆயிற்று, 2001-ல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. பொது வாழ்வில் உள்ளவர் மானநஷ்டம் கேட்டால், பொய் என்று தெரிந்தே எழுதினார் அல்லது பொய்யா மெய்யா என்று கவலையே படாமல் எழுதினார் என்று காட்ட வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-ல் வகுத்த இந்த விதிதான் இதழைக் காப்பாற்றியது. அந்த விதி இருந்தும் ஒன்பது ஆண்டுகள். ஒரு தனிமனிதர் ஒன்பது ஆண்டு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுப்பாரா, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவாரா?

வோலர்ஷைமுக்கே வாருங்கள். 1986-ல் ஜூரி 3 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் 25 லட்சமாகக் குறைந்தது. ‘வோலர்ஷைமுக்குச் சல்லிக்காசு கிடையாது’ என்பதையே சபையினர் கோஷமாக வைத்திருந்தார்கள். வட்டியோடு பணம் வந்தது 2002-ல்.

#5 ஏட்டுச்சுவடி

கருப்புக்கோட்டு சொன்னதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறேன். ஜெயித்த விமர்சகர்களையே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தோற்றவர் ஒருவரைப் பாருங்கள்.

அமெரிக்காவில் கல்ட் அவேர்னஸ் நெட்வொர்க் என்று ஓர் அமைப்பு இருந்தது (‘கல்ட்’ என்றால் உறுப்பினரை ஆட்டிப்படைக்கும் குழு என்று ஏசும் சொல்). மகனோ மகளோ ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்து வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டால், பெற்றோர் அழைத்து விவரம் கேட்கும் தொலைபேசி எண் அவர்களிடம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் சயின்டாலஜி உறுப்பினர்கள் தனித்தனியாக ஐம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளை அந்த அமைப்பின்மீது போட்டார்கள். அதில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது பலரின் பிராது. அவற்றைச் சமாளித்துக் களைத்த நேரத்தில் வேறொரு வழக்கில் பெரிய அடி விழுந்தது. பெந்தகொஸ்தே சபை ஒன்றில் சேர்ந்த 18 வயது இளைஞரை அவர் தாயின் ஏற்பாட்டில் கடத்திப் பூட்டிவைத்து ‘மனம் மாற்ற’ முயன்றார்கள். அந்த ஆட்களுக்கு வழிகாட்டிவிட்டதாக இந்த அமைப்பும் பிரதிவாதி ஆயிற்று. இளைஞருக்காக வாதாடியவர் சயின்டாலஜியின் வழக்கறிஞர். 1995-ல் ஜூரி விதித்த தொகையில் அமைப்பின் பங்கு மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல்.

அமைப்பு திவாலாயிற்று. 1996-ல் பெயர், சின்னம், தொலைபேசி எண் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. 20,000 டாலருக்கு எடுத்தவர் ஒரு சயின்டாலஜிஸ்ட்.

அந்த எண்ணை நினைத்துப் பாருங்கள். ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய், பழைய துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் எண்ணைச் சுற்றுகிறாள். ‘என் மகள் சயின்டாலஜியில் சேர்ந்துவிட்டாள், என்ன செய்வது?’ என்று கேட்கிறாள். மறுமுனையில் பேசுவது யார் என்று அவளுக்குத் தெரியாது. பொருநைக்கரை அவர்களே, வழக்கு வெளிச்சம் தரும் என்கிறீர்கள். இங்கே வழக்கு விளக்கை அணைத்ததோடு நிற்கவில்லை, விளக்கையே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

#6 அருள்வழி

வணக்கம். நான் திருச்சபையில் ஊழியம் செய்பவன். இந்த இழை ஒரு பக்கமாகச் சாய்வதால் எழுதுகிறேன்.

ஏட்டுச்சுவடி சொன்ன அந்த இளைஞரைச் சற்று யோசியுங்கள். கையைக் கட்டி, வாயில் ஒட்டுத்தாள் ஒட்டி, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். நாள்கணக்கில் அடைத்துவைத்தார்கள். வழக்கறிஞர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு நேர்ந்தது இல்லை என்று ஆகிவிடுமா? விமர்சகர் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டவர்களும் அக்கிரமம் செய்திருக்கிறார்கள். சிறிய சபைகளுக்கு நீதிமன்றத்தை விட்டால் போக்கிடம் ஏது?

வாட்ச்மேன் நீ, விட்னஸ் லீ என்ற சீனக் கிறிஸ்தவப் போதகர்களின் வழியில் வந்த ‘லோக்கல் சர்ச்’ சபையினரை அமெரிக்காவில் பலர் கல்ட் என்று எழுதினார்கள். 1985-ல் கலிஃபோர்னியா நீதிமன்றம் அப்படி எழுதப்பட்ட ஒரு புத்தகத்தைப் பொய்யும் அவதூறும் நிறைந்தது என்று சொல்லி 1.19 கோடி டாலர் விதித்தது. நீதிமன்றம் சொன்னால் பொய் பொய்தானே?

#7 கருப்புக்கோட்டு

அருள்வழி ஐயா, இளைஞர் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அது விமர்சனம் அல்ல, ஆள்கடத்தல். பேச்சுரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1985 தீர்ப்பைப் பற்றி ஒரு விவரம் சேர்க்க வேண்டும். புத்தகத்தை வெளியிட்ட அமைப்பு வழக்குச் செலவு தாங்காமல் விசாரணைக்கு முன்பே திவால் மனு கொடுத்துவிட்டது. விசாரணையில் எதிர்த்தரப்பில் யாரும் வரவில்லை. வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய ஆளில்லை. சட்டப்படி அது முறையான தீர்ப்பு. ஆனால் இரு தரப்பையும் உரசிப்பார்த்துக் கண்ட உண்மை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே சபை 2001-ல் ஹார்வெஸ்ட் ஹவுஸ் என்ற கிறிஸ்தவப் பதிப்பகத்தின்மீது 13.6 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. இந்த முறை எதிர்த்தரப்பு கடைசிவரை நின்றது. 2006-ல் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிப்பகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

#8 அருள்வழி

விவரத்துக்கு நன்றி. அப்படியானால் அதன் தொடர்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சபையை முதலில் விமர்சித்தவர்களில் கிறிஸ்டியன் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் என்ற நிறுவனமும் உண்டு. அவர்கள் ஆறு ஆண்டுகள் மூல நூல்களை மறுபடி படித்து, சபையினரோடு உட்கார்ந்து பேசி, 2009-ல் ‘நாங்கள் சொன்னது தவறு’ என்று தங்கள் இதழிலேயே அறிவித்தார்கள். கோடிக்கணக்கான டாலர் கேட்டும் 2006-ல் நீதிமன்றத்தில் கிடைக்காத நற்பெயர், பேச்சுவார்த்தையில் கிடைத்தது. என் சபைக்கு யாராவது வக்கீல் நோட்டீஸ் யோசனை சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன். வழக்குப் போடும் உரிமை வேண்டும் என்கிறேன். போடுவது நல்லது என்று சொல்லவில்லை.

#9 தேம்ஸ்கரை

லண்டனிலிருந்து. இங்கே 2007-ல் ஹர்தீப் சிங் என்ற பத்திரிகையாளர் ‘சீக் டைம்ஸ்’ இதழில் பஞ்சாபைச் சேர்ந்த ஒரு சமயத் தலைவரைப் பற்றி எழுதினார். அந்தத் தலைவர் இந்தியாவில் இருந்தபடியே லண்டன் உயர் நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்குப் போட்டார். அவர் உண்மையான வாரிசா, போலியா என்பது சீக்கியக் கோட்பாட்டுக் கேள்வி, அதை நாங்கள் தீர்மானிக்க முடியாது என்று 2010-ல் நீதிபதி ஈடி வழக்கை நிறுத்தினார். தலைவர் மேல்முறையீட்டுக்குப் போனார். 2011-ல்தான் முடிந்தது. ஜெயித்தவருக்குச் சேமிப்பும் போயிற்று, இளமையில் சில ஆண்டுகளும் போயின. இங்கிலாந்தின் மானநஷ்டச் சட்டம் 2013-ல் திருத்தப்பட்டதற்கு முன் நடந்த விவாதங்களில் அவரும் பேசினார்.

நெதர்லாந்துக் கதை மனதுக்குத் தெம்பு தருவது. கரின் ஸ்பைங்க் என்ற எழுத்தாளர் ஃபிஷ்மன் பத்திரத்தை 1995-ல் தன் இணையப் பக்கத்தில் வைத்தார். வழக்கு வந்ததும் பிறரும் தத்தம் பக்கங்களில் அதை வைத்தார்கள், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் உட்பட. 2003-ல் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்பைங்க் பக்கம் நின்றது. 2005-ல் சபை தன் கடைசி மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றது. ஏட்டுச்சுவடி சொல்லும் அமைப்பு தனியாக நின்றது. இவருடன் ஊரே நின்றது, இணையச் சேவை நிறுவனமும் கைவிடாமல் கூடவே வழக்காடியது. வித்தியாசம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

#10 நெய்தல்நிலம்

நம் நாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. வெண்டி டோனிகர் எழுதிய இந்து சமய வரலாற்று நூலை, வழக்குக்குப் பிறகு 2014 பிப்ரவரியில் பெங்குவின் திரும்பப் பெற்று, விற்காத பிரதிகளை அழிக்கச் சம்மதித்தது. தீர்ப்பே வரவில்லை, சமரசம்தான். அதன்பின் அந்த நூல் விற்பனைப் பட்டியலில் உச்சிக்குப் போயிற்று, அடுத்த ஆண்டே வேறு பதிப்பகம் வெளியிட்டது. பொருநைக்கரை சொல்வது இங்கேயும் நடக்கிறதல்லவா? இப்போது நம் ஊரில் நடக்கும் அந்த ஆசிரம வழக்கு...

#11 மட்டுறுத்துநர்

நெய்தல்நிலம், பதிவின் கடைசிப் பகுதியை நீக்கியிருக்கிறேன். நிலுவையில் உள்ள வழக்குகளின் தரப்பினரைப் பற்றி இங்கே ஊகம் வேண்டாம். முடிந்த வழக்குகளைத் தாராளமாகப் பேசலாம். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

#12 பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடியின் தொலைபேசி எண் இரவெல்லாம் மனதில் நின்றது.

ஆனால் வழக்கின் விளைவு அந்த வழக்கோடு நிற்பதில்லை என்பதையும் பாருங்கள். 1995 பிப்ரவரியில் டென்னிஸ் எர்லிக் என்ற முன்னாள் போதகரின் பதிவுகளுக்காக, அவருக்கு இணைய இணைப்புக் கொடுத்த நெட்காம் நிறுவனத்தையும் சபை நீதிமன்றத்துக்கு இழுத்தது. பயனர் போட்டதற்குச் சேவை நிறுவனம் எந்த அளவுக்குப் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு ஒரு வடிவம் கொடுத்தது. 1998-ன் அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் அதை ஒட்டி விதி வகுத்தது. 2002-ல் அதே சட்டத்தைக் காட்டி, நார்வேயிலிருந்து இயங்கிய ஒரு விமர்சனத் தளத்தின் பக்கங்களைத் தேடல் முடிவிலிருந்து நீக்கும்படி சபை கூகுளிடம் கேட்டது. கூகுள் நீக்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் முகப்புப் பக்கத்தைத் திரும்பச் சேர்த்தது. அதன்பின், இப்படிப்பட்ட கோரிக்கைகளைப் பொது ஆவணக் களஞ்சியம் ஒன்றுக்கு அனுப்பி, தேடல் முடிவின் அடியில் அதற்கு இணைப்புக் கொடுக்க ஆரம்பித்தது. எதை மறைக்கச் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்பது மறைக்கச் சொன்ன கடிதத்திலேயே இருக்கிறது.

கருப்புக்கோட்டு அவர்களிடம் ஒரு கேள்வி. லாஸ் ஏஞ்சல்ஸில் யார் வேண்டுமானாலும் போய்க் கோப்பைக் கேட்டார்கள். நம் நீதிமன்றத்தில் வழக்கோடு சம்பந்தமில்லாத நான் போய்க் கேட்டால் கொடுப்பார்களா?

#13 கருப்புக்கோட்டு

கேட்க வேண்டிய கேள்வி. அவ்வளவு எளிதாகக் கொடுக்க மாட்டார்கள். வழக்கில் தரப்பினர் அல்லாதவர் நகல் மனுவோடு, எதற்காக வேண்டும் என்று காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும், நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிவிடலாம் என்று சிலர் முயன்றார்கள். குஜராத் உயர் நீதிமன்ற விதிகள் பற்றிய வழக்கில், நீதிமன்ற விதிகளின் வழியாகவே கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, 1,500 பேர் வந்து நின்று தடுக்க வேண்டிய தேவையே இங்கே இல்லை. விதியே தடுத்துவிடும்.

இன்னொன்று. இங்கே அவதூறு குற்றமும்கூட. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. தனிமனிதர் மட்டுமல்ல, அமைப்பும் மானம் போயிற்று என்று புகார் கொடுக்கலாம். பக்தர்கள் ஊருக்கு ஊர் புகார் கொடுத்தால் ஒவ்வொரு ஊர் சம்மனுக்கும் பஸ் ஏற வேண்டியது பிரதிவாதிதான். சமய விஷயம் அல்ல என்றாலும், குஷ்பு வழக்கில் 23 புகார்களை உச்ச நீதிமன்றம் 2010-ல் ரத்து செய்தது, புகார் கொடுத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களே அல்லர் என்று. அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் வாதம் அமெரிக்காவுக்குப் பொருந்தும் அளவுக்கு இங்கே பொருந்தாது. வெளியே தெரிவது தீர்ப்பும் உத்தரவும் மட்டும்தான். அவை இ-கோர்ட்ஸ் தளத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. இடைக்கால உத்தரவுகளைப் படித்தால், அமைப்பு என்ன கேட்டது, நீதிபதி எந்த வரியைப் பொய் என்றார், எதை விட்டுவிட்டார் என்பது தெரியும். வழக்கு எண் இருந்தால் போதும். முடிந்த வழக்குகளின் உத்தரவுகளை இந்த இழையிலேயே ஒவ்வொன்றாகப் படிக்கலாம். நெய்தல்நிலம் விரும்பினால் டோனிகர் வழக்குச் சமரசத்தின் ஷரத்துகளிலிருந்து தொடங்குவோம்.

#14 நெய்தல்நிலம்

விரும்புகிறேன். இன்று இரவு எடுத்துப் போடுகிறேன்.